பாறை நிலமும் பொறிச்சுருளும்

வலிகாமப் பகுதியிலிருந்து தந்தையார் ஒருவர் நமக்கு நீண்ட கடிதமொன்று வரைந்துள்ளார். உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவிற் பயிலும் அவருடைய மகன், பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கென டெஸ்லாச் சுருள் ஒன்றைத் தன் கையாலேயே செய்திருக்கிறான். நான்கங்குல நீர்க்குழாயின் மேல் எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரம் சுற்றுச் சுற்றி முடிக்க அவனுக்கு மூன்று நாட்கள் சென்றனவாம். விளம்பரப் பலகைகளின் நியொன் விளக்குகளுக்கு உபயோகிக்கும் பழைய நிலைமாற்றி ஒன்றும் எங்கோ அகப்பட்டிருக்கிறது. சுருளின் அடிமுனையை வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியின் எர்த் துளையோடு இணைத்துவிட்டு, ஒருநாள் மாலை அதனை இயக்கியிருக்கிறான்.

சுருளின் உச்சியிலே விரற்கடை அளவிலான ஊதாநிறப் பொறியொன்று தோன்றிற்று. அதே கணத்திற் குசினியிலே குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியைத் தொட்ட தாயார் "ஐயோ!" என்று அலறிக் கையை உதறினார். மண்டபத்து மின்விசிறியின் வேக அடக்கி அன்றோடு செயலற்றுப் போயிற்று. "இதனை உடைத்து எறிந்துவிடுவதா, பிள்ளையின் ஊக்கத்தைக் கெடுக்காது விடுவதா என்று தெரியாமல் இருக்கிறோம். நல்ல வழி கூறுங்கள்" என்று கடிதத்தை முடிக்கிறார் தந்தையார். அக்கடிதத்தின் ஓரத்திலே, தந்தைக்குத் தெரியாமற் சேர்த்ததுபோலும், வேறு கையெழுத்தில் ஒரு வரி காணப்பட்டது: "ஐயா, கணக்கின்படி ஒரு முழப் பொறியாவது வரவேண்டும். ஏன் வரவில்லை?"

தந்தையின் கேள்வி வேறு, மகனின் கேள்வி வேறுபோலத் தோன்றினும் இரண்டுக்கும் விடை ஒன்றே. தாயாரின் கையைச் சுட்டதும், மகனின் பொறியைக் குறுக்கியதும் ஒரே குற்றந்தான். அக்குற்றம் சுருளில் இல்லை. அது நிற்கும் நிலத்திலும், அந்நிலத்தை அவன் தொட்ட வழியிலும் இருக்கின்றது.

டெஸ்லாச் சுருள் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை ஊஞ்சலைக் கொண்டு விளக்கலாம். மாமரக் கொப்பிலே கட்டிய ஊஞ்சலிற் பிள்ளையை இருத்தி, அது திரும்பி வருந்தோறும் சரியான சமயத்திற் சிறிதாகத் தள்ளினால், சில வீச்சுகளில் அது மிக உயரப் போய்விடுகின்றது. முதற்சுருள் தள்ளும் கை. ஆயிரஞ் சுற்றுடைய இரண்டாஞ் சுருள் ஊஞ்சல். மேலே சொன்ன அளவுள்ள சுருளொன்று செக்கனுக்குச் சுமார் இரண்டரை இலட்சம் தரம் ஊசலாடும். உச்சியிலே மின்னழுத்தம் மிகப் பெரிது, ஓட்டம் சிறிது. அடியிலே அழுத்தம் சிறிது, ஓட்டம் மிகப் பெரிது. ஊஞ்சல் உயரவேண்டுமானால் அதனைக் கட்டிய கொப்பு அசையாதிருத்தல் வேண்டும் அன்றோ? கொப்பு நெகிழ்ந்து ஆடுமாயின், தள்ளுகிற பலத்திற் பெரும்பகுதி கொப்பை ஆட்டுவதிலேயே போய்விடும். சுருளின் அடிமுனையை அசையாது பிடித்திருக்க வேண்டிய கொப்புத்தான் புவித்தொடுப்பு. நம் மாணவனின் கொப்பு ஆடியிருக்கிறது. அந்தக் கொப்பிலேயே வீட்டிலுள்ள மற்றச் சாதனங்கள் யாவும் கட்டப்பட்டிருந்தபடியால் அவையும் சேர்ந்து ஆடியிருக்கின்றன.

இனி நிலத்தைப் பார்ப்போம். எட்டடி நீளமும் ஐந்தெட்டு அங்குல விட்டமும் உள்ள செப்புப்பூச்சுக் கம்பியொன்றை ஈரலிப்பான தோட்டமண்ணில் அறைந்தால், அதன் புவித்தடை 40 ஓம் வரையில் இருக்கும். மண்ணின் தடைத்திறன் 100 ஓம்-மீற்றர் எனக் கொண்டு செய்த கணக்கு இது. அதே கம்பியை 1,000 ஓம்-மீற்றர் கொண்ட வரண்ட கல்நிலத்தில் அறைந்தால் தடை 400 ஓம் ஆகின்றது. உலர்ந்த மணலும் வெடிப்பற்ற பாறையும் இதனினும் பன்மடங்கு மோசமானவை. வலிகாமத்துச் செம்மண் பயிருக்கு எத்தனை உகந்ததாயினும், பல இடங்களில் அதன் கனம் சில அடிகளே. அதன் கீழே சுண்ணாம்புக்கல் தொடங்கிவிடுகின்றது. அங்கே எட்டடிக் கம்பி அறையப் புகுந்தவர்கள், மூன்றாவது அடியில் அலவாங்கு "ணங்" என்று ஒலித்துத் தெறிப்பதைக் கேட்டிருப்பார்கள். அவ்விடத்திற் கம்பியை அரிந்துவிட்டு, "எட்டடி இறக்கியாயிற்று" என்று கூலி வாங்கிச் செல்வோரும் உளர். அவர்களைப்பற்றி வேறொரு வாரம் எழுதுவோம்.

நம் நாட்டு வீடுகளிற் பெரும்பாலும் வளவிலே அறைந்த இத்தகைய கம்பியொன்றே வீட்டுக்குப் புவித்தொடுப்பாக அமைகின்றது. குளிர்சாதனப் பெட்டி, சலவைப் பொறி, நீரிறைக்கும் மோட்டார் ஆகியவற்றின் இரும்பு உடல்கள் யாவும் பச்சை மஞ்சட் கம்பி வழியே அதனோடு கட்டுண்டு கிடக்கின்றன. அக்கம்பியின் தடை 400 ஓம் எனக் கொள்வோம். சுருளின் அடியிலிருந்து ஒரேயொரு அம்பியர் ஓட்டம் அதன் வழியே இறங்கினாலும், கம்பியின் தலையில் 400 வோல்ற்று எழும்பும். அது கம்பியின் தலையில் மட்டும் நில்லாது, கட்டுண்ட அத்தனை இரும்பு உடல்களிலும் ஏறும். தாயார் தொட்ட கைபிடியும் அவற்றுள் ஒன்று. அவருக்கு நேர்ந்தது கையைச் சுட்டதோடு நின்றது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருப்பாராயின் எவ்வாறு முடிந்திருக்கும் என்பதை எழுத நமக்கு மனம் வரவில்லை.

நிலம் நல்லதாயிருந்தாலும் அந்தச் சுவர்த்துளை பயன்படாது என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். செருகியிலிருந்து வளவுக் கம்பிவரை பத்து மீற்றர் கம்பி ஓடுகின்றதெனக் கொள்வோம். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தரமே ஆடுவது. அதற்கு அக்கம்பியின் தடை ஓமின் பத்திலொரு பங்கும் இராது. ஆனால் இரண்டரை இலட்சம் தரம் ஆடும் ஓட்டத்துக்கு அதே கம்பி, தன் தூண்டற்குணத்தாலேயே 15 ஓமுக்குக் குறையாத மறிப்பைக் காட்டும். பொறி பாயும் கணங்களிற் சுருளின் அடியோட்டம் பத்து அம்பியரைத் தொடுமாயின், கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 150 வோல்ற்று நிற்கும். விசிறியின் வேக அடக்கியிலுள்ள நுண்ணிய இலத்திரனியற் பாகங்கள் இதைத் தாங்கா. ஆகவே, உயர்மீடிறனுக்குரிய புவித்தொடுப்பு குறுகியதாய், நேரானதாய், அகன்றதாய் இருத்தல் வேண்டும். உருண்டைக் கம்பியிலும் இரண்டங்குல அகலச் செப்புத் தகடு மேலானது. மிச்சக் கம்பியை அழகாக வளையமிட்டுச் சுற்றி வைத்தல் கூடவே கூடாது. அது இன்னொரு சுருளாகிவிடும்.

இந்தத் தொல்லை நம் மாணவனுக்கு மட்டும் உரியதன்று. சுருளுக்குப் பெயர் தந்த நிக்கொலா டெஸ்லாவே இதிற் சிக்கி அல்லலுற்றவர். 1899ஆம் ஆண்டு மே மாதம் அவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகருக்குச் சென்று, ஊருக்குக் கிழக்கே ஒரு மேட்டில் மரத்தாலான ஆய்வுகூடம் ஒன்றை எழுப்பினார். கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் உயர்ந்த இடம் அது. காற்று உலர்ந்தது, மழை குறைவு, நிலமோ கல்லும் சரளையும். அங்கே அவர் கட்டிய சுருளின் குறுக்களவு 15 மீற்றர் வரையில். அத்துணைப் பெரிய யந்திரத்துக்குப் புவித்தொடுப்பாக, 12 அடி ஆழக் கிடங்கொன்று வெட்டி, அடியில் 20 அங்குலச் சதுரச் செப்புத்தகட்டைப் பதித்து, அதன்மேற் கற்கரியைப் பரப்பி, இடைவிடாது தண்ணீர் ஓடவிட்டார். அவ்வளவு செய்தும் தொடுப்பு மோசமாகவே இருந்ததெனத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பாறையமைப்பும் வரட்சியுமே காரணம் என்பது அவர் கண்ட முடிவு. அந்தப் பகுதியில் மின்னல் விளைக்கும் சேதங்களுக்கும் புவித்தொடுப்புகளின் குறையே ஓரளவு காரணமாகலாம் என்றும் அவர் எண்ணினார். பெருமேதையான ஒருவர், மின்சாரத்தை ஆட்டிப்படைக்க வந்த இடத்திலே, கிடங்குக்கு நீர்வார்த்துக்கொண்டு நின்றார் என்பதை எண்ணும்போது நமக்கு அவர்பால் மதிப்புக் கூடுகின்றதேயன்றிக் குறையவில்லை.

அதே நாட்டில், அரிசோனாப் பாலைநிலத்தில் வேறொருவர் வேறொரு வழி கண்டார். இரண்டாம் உலக யுத்த காலத்திலே டூசோன், பிளாக்ஸ்டாஃப் என்னும் இடங்களில் அமெரிக்கப் படையினர் வெடிகுண்டுகளைச் சேமிக்கும் அறைகளைக் கட்டினர். மின்னல் விழுந்தால் ஊரே பறக்கும். நிலமோ தண்ணீர்க் குழாய்களும் ஈரமும் அற்ற வரண்ட மண். ஹேர்பேட் யூஃபர் என்னும் பொறியியலாளர், மண்ணிற் கம்பி அறைவதோடு மல்லாடாமல், கட்டடத்தின் அத்திவாரக் கொங்கிறீற்றில் உள்ள இரும்புக் கம்பிகளையே புவித்தொடுப்பாக்கினார். கொங்கிறீற்று மண்ணோடு பரந்து ஒட்டிக் கிடப்பது. தனக்குள் ஈரத்தை எளிதில் இழக்காமல் வைத்திருப்பது. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளின் பின் அவர் திரும்பச் சென்று அளந்தபோதும், அத்தொடுப்புகளின் தடை 5 ஓமுக்கு மேற்போகவில்லை. இன்று பல நாடுகளிற் கட்டட விதிகளிலே இம்முறை இடம்பெற்றிருக்கின்றது. புதுவீடு கட்டுவோர் அத்திவாரம் போடும் முன்னரே தம் மின்வினைஞரோடு இதுபற்றிப் பேசிக்கொள்ளட்டும்; கொங்கிறீற்று ஊற்றியபின் நினைத்துப் பயனில்லை. ஆனால் தம்பி, வீட்டு அத்திவாரம் வீட்டுக்கு; உன் சுருளை அதிலே கட்டாதே.

அவனுக்கு நாம் கூறும் வழி இதுதான்.

முதலாவது, சுருளுக்கென வேறொரு கம்பி, வீட்டுக் கம்பியிலிருந்து இயன்றவரை விலகி அறையப்படல் வேண்டும். இடம் தெரிவதில் அறிவுக்கு வேலை உண்டு. நாம் சிறுவனாயிருந்த காலத்திற் படிகக்கல் வானொலிப் பெட்டியொன்று செய்து, அதன் எர்த் கம்பியை முற்றத்து வெயிலிலே அறைந்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லையென்று இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தோம். மின்சாரத்தைப்பற்றி ஒன்றும் அறியாத நம் பாட்டியார்தாம், "மோனே, அதைக் கொண்டுபோய் வாழையடியில் நடன்" என்றார். குளிக்கிற தண்ணீரும் பாத்திரங் கழுவுகிற தண்ணீரும் ஆண்டு முழுவதும் பாய்கிற இடம் அது. அன்றிரவு கொழும்பு கேட்டது! வாழையடி எங்கே உண்டோ அங்கே மண் ஆழமாயும் ஈரமாயும் இருக்கும் என்பதை எந்தக் கருவியும் இன்றியே நம் பெண்கள் அறிவார்கள். மகனின் சுருளும் அந்தப் பக்கமாகவே நிற்கட்டும். தகட்டின் நீளம் குறையும்.

இரண்டாவது, கல் தடுக்கும் இடத்திற் கம்பியை நிறுத்தி அதோடு போரிடல் வேண்டா. சரிவாக அறையலாம், அல்லது இரண்டடி ஆழ வாய்க்கால் வெட்டிக் கிடையாகப் புதைக்கலாம். இரண்டு மூன்று கம்பிகளைப் பிரித்து அறைந்து ஒன்றாகக் கட்டினால் தடை குறையும். ஆனால் அவற்றுக்கிடையே ஒரு கம்பியின் நீளத்துக்குக் குறையாத தூரம் வேண்டும். பக்கத்திற் பக்கத்தில் நாலு கம்பி அறைவது, ஒரே கிணற்றில் நாலு துலா போடுவது போலாம்.

மூன்றாவது, கம்பியைச் சுற்றியுள்ள மண்ணைத் திருத்துதல். முன்சொன்ன எட்டடிக் கம்பியின் மொத்தத் தடையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு அதனைச் சூழ்ந்த ஓரடி மண்ணிலேயே அடங்கியிருக்கின்றது என்பது கணக்கிலே தெரிகின்ற உண்மை. ஆதலின் வளவு முழுவதையும் திருத்த வேண்டியதில்லை. அந்த ஓரடியைத் திருத்தினாற் போதும். பெந்தொனைற்று என்னும் களிமண் நீரை உறிஞ்சிப் பருத்து நெடுநாள் ஈரமாயிருக்கும், கம்பியையும் அரிக்காது. அது கிடையாவிடிற் கரித்தூளும் நல்ல களிமண்ணும் கலந்து இடலாம்.

பலரும் உப்பை நாடுவர். உப்புப் போட்டால் தடை உடனே குறையும் என்பது மெய்தான். எனினும் நாம் உப்பை வேண்டாமென்றே கூறுவோம். முதல் மாரியோடு அது கரைந்து போய்விடும், செம்பை அரிக்கும். இவற்றினும் பெரிய காரணம், அது எங்கே கரைந்து போகின்றது என்பதுதான். யாழ்ப்பாணத்திலே நிலத்தில் விழுவது எதுவும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடாகக் கிணற்றைச் சென்றடையும். குடிக்கிற தண்ணீருக்காக ஒரு தலைமுறை கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் ஊரில், ஒரு பொறியை ஒரு சாண் நீட்டுவதற்காகக் கிணற்றடியில் உப்புக் கொட்டுதல் தகாது. அதே நியாயம்பற்றித் தகட்டைக் கிணற்றுக்குள் இறக்கிவிடும் எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். நீர் நல்ல தொடுப்புத்தான். ஆனால் வாளியின் கயிற்றைப் பிடித்து நிற்பவர் யார் என்பது சுருளை இயக்குகிறவனுக்குத் தெரியாது.

இவ்வளவு செய்தும் நம் கல்நிலத்தில் 100 ஓமுக்குக் கீழே இறங்குவது அரிதாகலாம். ஆடி மாதச் சோளகக் காற்றில் மண் காயும்போது, மார்கழியில் அளந்த அளவு நிலைக்கவும் மாட்டாது. ஆயின் சுருளைக் கைவிடுவதா? இல்லை. இங்கேதான் இந்தப் பொருளின் சுவையான பகுதி இருக்கின்றது.

சுருளின் அடியில் இறங்கும் ஓட்டம் உண்மையில் எங்கே போக விரும்புகின்றது? பூமியின் நடுவுக்கன்று. சுருளின் உச்சியிலுள்ள உலோக உருண்டையும் கீழேயுள்ள தரையும், இடையிற் காற்றைக் கொண்ட ஒரு கொள்ளளவியாக அமைகின்றன. உச்சியிலிருந்து காற்றினூடே தரைக்கு வந்து சேரும் ஓட்டம், சுருளின் அடிக்குத் திரும்பி வருதற்கு வழி தேடுகின்றது. தரை கெட்ட கடத்தியாயின் அந்த வழியிலேயே சக்தி விரயமாகின்றது. அவ்வாறாயின், தரையின்மேல் நாமே ஒரு நல்ல கடத்தியை விரித்துவிட்டால் என்ன? கோழிக்கூட்டுக்கு அடிக்கிற நாகம் பூசிய கம்பிவலை போதும். சுருளை நடுவில் வைத்து, நாலாபுறமும் சுருளின் உயரத்துக்குக் குறையாத தூரம் வலையை விரித்து, துண்டுகளை இடைவெளியின்றி ஒன்றோடொன்று இணைத்து, சுருளின் அடிமுனையை அகன்ற தகட்டால் வலையின் நடுவோடு பிணைத்துவிட்டால், திரும்பும் ஓட்டத்துக்குப் பாறையைப்பற்றிய கவலை இல்லை.

இது விளையாட்டுக்காரரின் யுக்தி அன்று. வானொலி நிலையத்தார் நெடுங்காலம் கையாண்டு வருவது. பிறவுண், லூயிஸ், எப்ஸ்ரைன் என்னும் மூவர் 1937ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்பின், ஒலிபரப்புக் கோபுரத்தின் அடியிலிருந்து 120 செப்புக் கம்பிகளைச் சூரிய கிரணம்போல் நாலாதிசையும் பரப்பிப் புதைப்பது அமெரிக்க நிலையங்களின் அளவுகோலாயிற்று. அவர்கள் கோபுரத்தின் கீழ் ஆழமாகத் தோண்டவில்லை, அகலமாகவே விரித்தார்கள்.

வலை போதுமாயிற் கம்பி எதற்கென மாணவன் கேட்பான். நியாயமான கேள்வி. பொறி தவறி முதற்சுருளிற் பாய்ந்தால், நிலைமாற்றியின் 50 சுற்று உயரழுத்த மின்சாரம் இரண்டாஞ் சுருளிலும் வலையிலும் ஏறிவிடலாம். அதனை நிலத்துக்கு இறக்குவது கம்பியே. வலை மட்டும் அதற்கு உதவாது. மகிழ்ச்சிக்குரிய செய்தி யாதெனில், நியொன் நிலைமாற்றி தரக்கூடிய ஓட்டம் ஏறத்தாழ 30 மில்லி அம்பியர். 400 ஓம் உள்ள மட்டமான கம்பியிலும் அது 12 வோல்ற்றையே எழுப்பும். ஆகவே இந்த வேலைக்கு நம் கல்நிலக் கம்பியும் போதுமானது. உயர்மீடிறனுக்கு வலை, தவறு நேரின் கம்பி, இரண்டும் வேண்டும். மின்சாரம் வரும் வழியில் வடிகட்டி ஒன்றும் வைத்தல் வேண்டும். இல்லையேல் வந்த வழியே உயர்மீடிறன் திரும்பி வீட்டுக்குள் நுழையும். நிலைமாற்றிக்கு மின்சாரம் கொடுக்கும் பக்கத்துச் சுவிச்சுப் பெட்டிக்கு வீட்டின் எர்த் இருந்தே ஆகவேண்டும். அதைக் கழற்றி விடச் சொல்வோர் பேச்சைக் கேட்கலாகாது. ட்ரிப் சுவிச்சு அடிக்கடி விழுகிறதென்று அதனைக் கட்டிவைப்போரையும் நாம் அறிவோம். அது விழுந்தால் ஒரு காரணம் உண்டு, காரணத்தைத் தேடுக.

இனித் தந்தையாருக்கு. ஐயா, உங்கள் அச்சம் வீணன்று. உச்சிப் பொறி உயர்மீடிறனுடையது, உடலின் மேற்புறமே ஓடும், ஆபத்தில்லை என்று நூல்களிலும் படங்களிலும் சொல்லுவதைப் பிள்ளைகள் நம்புகின்றனர். அது தவறு, நோவு தெரியாமலே உள்ளே சுட்டுவிடும். அதனினும் கொடியது அடியிலிருக்கும் நிலைமாற்றியும் கொள்ளளவிகளும். சில ஆயிரம் வோல்ற்றில் 30 மில்லி அம்பியர் உயிர்போக்கப் போதிய அளவு. சுவிச்சை அணைத்த பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனை இறக்காமற் கை வைத்தல் கூடாது. நுண்ணலைச் சூட்டடுப்பிலிருந்து கழற்றிய நிலைமாற்றியைக் கொண்டு இதைச் செய்ய மகன் என்றாவது கேட்பானாயின், அன்று மட்டும் தயவுதாட்சணியம் இன்றி மறுத்துவிடுங்கள். அதன் ஓட்டம் நியொனுடையதைப் போல் மட்டுப்பட்டதன்று. தொட்டவர் மீள்வது அரிது.

ஆனால் உடைத்து எறியவேண்டா. ஆயிரம் சுற்றை முறுக்கின்றிச் சுற்றிய பொறுமை எல்லாப் பிள்ளைகளிடத்தும் காணக்கூடியதன்று. தேர்ந்த மின்வினைஞர் ஒருவரையோ பௌதிக ஆசிரியரையோ அழைத்து, அவர் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் மாற்றிக் கட்டச் செய்யுங்கள். வீட்டாரில் ஒருவர் சுவிச்சின் அருகிலேயே நிற்கட்டும். வலையைச் சுற்றி மரவேலியிட்டு, சுருள் இயங்குகையில் ஒருவரும் அதன்மேற் கால் வையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இருதய யந்திரம் பொருத்திய முதியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் அவ்விடத்துக்கே வரலாகாது. கண்காட்சி மண்டபம் மாடியில் இருக்குமாயின் மகன் தன் சுருளைக் கீழே கொண்டுவரத்தான் வேண்டும். பாடசாலையார் முற்றத்தில் ஒரு மூலையும், தகட்டைக் கம்பிக்கு நேரே கொண்டுசெல்ல இடமும் ஒதுக்கித் தருவார்களா என்பதை இப்போதே விசாரித்து வைத்தல் நல்லது. மேல்மாடியிலிருந்து நாற்பதடி கம்பி தொங்கவிட்டால், சொன்னதெல்லாம் வீணாகும்.

தம்பி, வலை விரித்து, தகட்டை இறுக்கி, முதன்முதல் இயக்கும்போது உச்சியைப் பாராதே, அடியைப் பார். சுருளின் அடியிலோ தகட்டின் மூட்டிலோ கம்பியின் தலையிலோ சிறு பொறி தென்பட்டால் உடனே நிறுத்து. அங்கே இன்னும் கொப்பு ஆடுகின்றது. அடி இருண்டு கிடந்தால், அதன் பின் மேலே பார்க்கலாம். எத்தனை சாண் வந்தது என்பதை அளந்து எமக்கு எழுது. விசிறியின் வேக அடக்கியை உன் கைச்செலவில் மாற்றிக் கொடுத்தாயா என்பதையும் அதே கடிதத்தில் அறிவிக்க வேண்டும்.